இது நேற்று என்னவாக இருந்தது?

அம்பர்நாத் லோக்கல் ரயிலில் எனக்கு எதிரே உட்காரும் அண்ணாச்சிக்கு முறுக்கு மீசை, மடியில் மூன்றடுக்கு டப்பா. சமையல் அவருடையதுதான். எதைத் தந்தாலும் அதன் பூர்வீகத்தைச் சொல்லித்தான் தருவார்.

"இந்த உப்புமா நேத்து இட்லியா இருந்துச்சு. சப்பாத்தில நேத்துப் பருப்பப் போட்டுப் பெசஞ்சிருக்கேன்."

ஒரு நாள் வெறுங்கையோடு வந்தார்.

"ராத்திரி மச்சினன் வந்து எல்லாத்தையும் வழிச்சுத் தின்னுட்டான் தம்பி. மிச்சம் இல்லாம காலைல என்னத்தச் சமைக்க?"

பாவமாக இருந்தது. பன்னுக்குள் உருளைக்கிழங்கு வடை வைத்த வடாபாவ் இரண்டு சுடச்சுட வாங்கிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நேத்து என்னவா இருந்துச்சு?"

ஒன்றைத் தயங்கித் தயங்கித் தின்றுவிட்டு, மற்றதைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு கட்லெட் நீட்டினார்.

"பயப்படாம சாப்பிடுங்க. இது நேத்து என்னவா இருந்துச்சுன்னு ஒங்களுக்கே தெரியும்லா?"