மேல்நாட்டுச் சங்கீத வகுப்புக்கு நான் மணி அடித்த வருஷம்

“காலேஜ் ஆயா வேலைக்குக் கண்ணு வேணும், காலு வேணும், காது மட்டும் வேணாம்” என்று எனக்கு முதலில் சொன்னவர் குப்பம்மா அக்கா. நான் வேலையில் சேர்ந்த அன்று காலையில், தன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னார். எழுபதுகளின் தொடக்கம் அது. திருவள்ளூரில் ஒரு பெண்கள் கல்லூரி. எனக்கு முன்னால் அங்கே ஆயாவாக இருந்தவர் அவர். என் வீட்டுக்காரர் பெருமாள் கோயிலுக்கு மாலை கட்டுகிறவர். பிள்ளைகள் அப்போது சின்னதுகள். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். பெருக்குவது, பானையில் தண்ணீர் நிரப்புவது, கதவு பூட்டுவது, பீரியடுக்குப் பீரியட் மணி அடிப்பது, இவ்வளவுதான் வேலை. வராந்தாவில் தொங்கிய தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் அடிக்க வேண்டும். மணி அடித்துத் தோள் கடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

காது வேண்டாம் என்று அக்கா சொன்னது மட்டும் அடுத்த வருஷமே சரிப்படாமல் போய்விட்டது.

அடியில் போவது எது?

அந்த வருஷம் புதிதாக ஒரு வகுப்பு வந்தது. மேல்நாட்டுச் சங்கீதத்தைக் கேட்டு ரசிக்கப் பழகுவதாம். பாட வேண்டாம், வாசிக்க வேண்டாம், உட்கார்ந்து கேட்டால் போதும். அதற்கு ஒரு வகுப்பா என்று எனக்கு ஆச்சரியம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஃபேக்டரி கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதர் ரெக்கார்டு பிளேயரும் ஒரு பெட்டி ரெக்கார்டுகளும் கொடுத்திருந்தார். பாடம் எடுக்க மெட்ராஸிலிருந்து கிரேஸ் மிஸ் ரயிலில் வருவார். இந்த வகுப்புக்குக் கொடுத்த அறையைத் தையல் வகுப்புக்கு என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் பிரின்சிபால் அம்மா, நான் அறையைப் பெருக்கிக்கொண்டிருக்கும்போதே, மிஸ்ஸிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஆண்டு விழாவில் ஒரு முழுப் பாட்டைப் போட வேண்டும், பெற்றோர்கள் எழுந்து போகாமல் கடைசி வரை உட்கார்ந்தால் அடுத்த வருஷமும் வகுப்பு உண்டு, இல்லையென்றால் தையல் மெஷின்கள் உள்ளே வந்துவிடும். இதை விட்டால் மிஸ்ஸுக்கு வேறு பிழைப்பு கிடையாது. தலையை மட்டும் ஆட்டினார்.

முதல் நாள், சங்கீதம் என்றதும் பெண்கள் எல்லாரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். மிஸ் பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கிற ஒரு ரெக்கார்டைப் போட்டுவிட்டு, என்ன கேட்டது, ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள் என்றார். கடைசி வரிசையில் செல்லி என்று ஒரு பெண். பழவேற்காட்டு மீன்பிடிக் குடும்பம், ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அவள்தான் முதலில் எழுந்தாள். “மேல நெறைய பேரு பேசிக்கினு கீறாங்க மிஸ். அடியில தடியா ஒண்ணு அது பாட்டுக்குப் போய்க்கினே கீது. அதை யாரும் கண்டுக்கல.”

சும்மா இருக்காத கை

ரங்கநாயகி என்று இன்னொரு பெண். கோயில் வேலை செய்கிற குடும்பம், சின்ன வயதிலிருந்து பாட்டு கற்றவள். ரெக்கார்டு சுற்ற ஆரம்பித்ததும் அவள் கை தன்னால் தொடைக்குப் போய்விடும். தட்டு, விரல், வீச்சு என்று தாளம் போடுவாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போடுவார்கள். கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகும். திடீரென்று அந்தப் பாட்டு யாரையும் கேட்காமல் மெதுவாகிவிடும், அப்புறம் ஓட்டம் பிடிக்கும். அத்தனை கையும் அந்தரத்தில் நிற்கும். கதவோரம் நின்ற என் கையும்தான்.

மிஸ் கோபித்துக்கொள்ளவில்லை. எண்ண வேண்டாம், கையை மடியில் வைத்துக்கொண்டு காதால் மட்டும் கேளுங்கள் என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். ரங்கநாயகிக்கு நிஜமாகவே புரியவில்லை. “கை சும்மா இருந்தா காது எப்படி மிஸ் வேலை செய்யும்?”

பாயசம்

இனிமேல்தான் என் பாடு. அந்த வகுப்பு சாயங்காலம் கடைசிப் பீரியட். ஆண்டு விழாவுக்கு என்று மிஸ் எடுத்து வைத்த பாட்டு நாலு பாகம் உள்ளது. அதற்கு அர்த்தம் சொல்லி, இடையிடையே நிறுத்தி, மறுபடி போட்டு, மூன்றாவது பாகம் முடிந்து நாலாவது தலை காட்டும்போது நான் போய் மணி அடித்தாக வேண்டும். பிரின்சிபால் அம்மாவுக்கு மணி பிசகக் கூடாது. மிஸ்ஸுக்கோ ரயில் பிசகக் கூடாது. அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து. இப்படி வருஷம் முழுக்க நாலாவது பாகத்தை ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு அதுவே யோசனையாகிவிட்டது. மாலை விளக்கேற்றி பெருமாள் நாமம் சொல்லும்போதுகூட, அந்தக் கடைசியில் என்னதான் வரும் என்று மனசு நழுவும். பெருமாளே மன்னிக்கட்டும். ஒருநாள் மிஸ்ஸிடம் கேட்டே விட்டேன், ஒரு வாரம் மட்டும் கடைசியிலிருந்து போட்டால் என்ன என்று. பெண்களும் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். மிஸ் பெட்டியை மூடிக்கொண்டே சிரித்தார். “பாயசத்தைக் குடிச்சிட்டா ஆயாம்மா நீங்க சாப்பாட்டுக்கு உட்காருவீங்க?”

ரெக்கார்டுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்கு வாட்ச்மேன் கோவிந்தன் கல்லூரியில் இருந்த எதையும் விடவில்லை. டைப்ரைட்டர், சைக்கிள், தோட்டத்து மண்வெட்டி, என்னுடைய தண்டவாளத் துண்டு, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். ரெக்கார்டு பிளேயருக்கு வைத்தவர், விழாவுக்கான அந்த ரெக்கார்டையும் உறையிலிருந்து எடுத்து, பக்தியோடு ஒரு பெரிய பொட்டு வைத்துவிட்டார். லீவு முடிந்து மிஸ் வந்து பார்த்தபோது சந்தனம் காய்ந்து பாறையாகியிருந்தது.

ஈரத் துணியால் நானும் மிஸ்ஸும் மாற்றி மாற்றித் துடைத்தோம். பார்வைக்குப் போய்விட்டது. ஆனால் போட்டுப் பார்த்தால், இரண்டாவது பாகத்தில் ஓர் இடத்தில் ‘டொக் டொக்’ என்று கதவு தட்டுகிற சத்தம். வேறு ரெக்கார்டு வாங்க வழியில்லை. விழாவில் இது கேட்டால் என்ன ஆகுமோ என்று மிஸ் முகம் வாடிவிட்டது. கோவிந்தனைக் கூப்பிட்டுக் கேட்டால், அவருக்குத் தப்பு எங்கே என்றே தெரியவில்லை. “மணிக்குந்தான் மிஸ் வெச்சேன். அது இன்னா, அடிக்காம பூட்ச்சா?”

சுத்தியல் என் கையில்

ஆண்டு விழா வந்தது. ஹால் நிறையப் பெற்றோர்கள். பழவேற்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி செல்லியின் அப்பா கன்னியப்பன் வந்து, கதவுக்கு அருகே, என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பிரின்சிபால் அம்மா முன் வரிசையில். மிஸ் ரெக்கார்டைப் போட்டார். முதல் பாகம் முடிந்து சத்தம் நின்றதுதான் தாமதம், ஹாலே கை தட்டியது. நாலைந்து பேர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்கள். ஒருவர் நாஷ்டா எங்கே வைத்திருக்கிறார்கள் என்று என்னிடமே கேட்டார். பிரின்சிபால் அம்மா திரும்பிப் பார்த்தார். மிஸ் ஓடி வந்து மைக்கைப் பிடித்து, இது முடிவு இல்லை, நடுவில் இப்படி நிற்கும், முழுக்க முடிந்ததும் ஆயாம்மா மணி அடிப்பார்கள், அதுவரை உட்காருங்கள் என்றார். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அத்தனை கண்ணும் என்மேல். நான் வராந்தாக் கதவில், சுத்தியலோடு.

இரண்டாவது பாகத்தில் ‘டொக் டொக்’ வந்தது. வகுப்புப் பெண்கள் தெரிந்தவரைப் பார்த்ததுபோல் சிரித்துக்கொண்டார்கள், வேறு யாரும் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது போயிற்று. பிறகு, வருஷம் முழுக்க நான் காத்திருந்த நாலாவது. அதை எப்படிச் சொல்வது? விருந்தாளி போய்விட்டு வருகிறேன் என்று எழுந்து, வாசலில் நின்று பேசி, படி இறங்கி, திரும்பி வந்து இன்னொன்று சொல்வாரே, அந்த மாதிரி. முடிந்தது என்று சுத்தியலைத் தூக்குவேன், மறுபடி கிளம்பும். இறக்குவேன், மறுபடி முடியும். இப்படி ஏமாந்து ஏமாந்து, நிஜமாகவே முடிந்தபோது நான் நம்பவில்லை. எப்படி நம்புவேன்? அந்த முடிவை நான் ஒருநாளும் கேட்டதில்லையே. மிஸ்ஸோ எங்களுக்கு முதுகைக் காட்டி, ரெக்கார்டு பிளேயர்மேல் கை வைத்துக் கண்ணை மூடி நின்றுவிட்டார். ஊசிக்கு அடியில் ரெக்கார்டு கிர் கிர் என்று சும்மா சுற்றுகிறது. ஹாலில் ஒருவர் அசையவில்லை. ஒரு குழந்தைகூட அழவில்லை. கையில் சுத்தியலோடு நான் பெருமாளைக் கூப்பிட்டுக்கொண்டே நிற்கிறேன்.

கடைசியில் மிஸ் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அடித்தேன். கைதட்டல் கூரைக்குப் போனது. பிரின்சிபால் அம்மா மேடை ஏறி, இத்தனை வருஷத்தில் இவ்வளவு அமைதியாக ஒரு கூட்டம் உட்கார்ந்து பார்த்ததில்லை, பாட்டு முடிந்த பிறகும் யாருக்கும் எழுந்திருக்க மனசு வரவில்லை, தையல் வகுப்புக்கு வேறு அறை பார்ப்போம் என்றார். மிஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் இருந்த கன்னியப்பனிடம், பாட்டு அவ்வளவு பிடித்துவிட்டதா என்று கேட்டேன். “பாட்டு நல்லாத்தான் இருந்திச்சிம்மா. ஆனா நீ எப்போ அடிப்பேன்னு உன் கையத்தாம்மா நாங்க எல்லாரும் பார்த்துக்கினு இருந்தோம்.”

ஆக, வருஷம் முழுக்க மணி அடித்து அந்த வகுப்பை அறுத்தவளும் நான்தான், ஒரே ஒரு நாள் அடிக்கத் தெரியாமல் நின்று அதைக் காப்பாற்றினவளும் நான்தான்.

உங்கள் வீட்டு ரேடியோவில் எந்த ஊர் வாத்தியமாவது வாசித்துக்கொண்டிருந்தால், அது முடிகிற வரைக்கும் கொஞ்சம் அணைக்காமல் இருங்கள்.