டிக் வந்தால்தான் அடுத்த வரி

கண்டெய்னர் யார்டில் எனக்கு டேலி கிளார்க் வேலை. லாரியில் வந்து இறங்கும் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் சரிபார்க்க வேண்டும். ஒருவர் பெட்டியைப் பார்த்துக் கூவுவார். இன்னொருவர் கையிலுள்ள தாளைப் பார்த்து "டிக்" என்று திருப்பிக் கூவுவார். எண்ணை ஒரே மூச்சில் சொல்லக் கூடாது. நாலு எழுத்து, டிக். மூன்று இலக்கம், டிக். இன்னும் மூன்று, டிக். கடைசியாக ஒன்று, டிக். டிக் வருவதற்கு முன் அடுத்ததற்கு வாயைத் திறந்தால் மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். திருவொற்றியூர் வெயிலில் இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்திய எனக்கு, என் ஒரே மகளுக்கும் இதுதான் மருந்து என்று உறைக்காமல் போனதே! நினைத்தால் என்னையே நாலு அறை விடலாம் போலிருக்கும்.

அவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. பேச்சில் புலி. புத்தகத்தைத் திறந்தால் மட்டும் மூன்றாவது வரியில் தாகம் எடுக்கும், நான்காவது வரியில் கால் அரிக்கும். ஒரு வரியை விட்டுத் தாவுவாள், இல்லையென்றால் படித்ததையே மறுபடி படிப்பாள். சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை அவளே இட்டுக்கட்டிவிடுவாள். பள்ளிக்கு வந்த ஆலோசகர், "இது வாசிப்புக் குறைபாடு. அறிவுல ஒரு குறையும் இல்ல. பொறுமையா சொல்லிக் கொடுங்க" என்றார். பொறுமையா? நானா? தலையில் குட்டியிருக்கிறேன். புத்தகத்தைத் தூக்கி எறிந்திருக்கிறேன். "எல்லாப் புள்ளையும் படிக்கிது, உனக்கு மட்டும் இன்னாடி கேடு?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தியிருக்கிறேன். அவள் அழ மாட்டாள். விழுந்த புத்தகத்தை எடுத்துத் தட்டி அலமாரியில் வைத்துவிட்டுப் போவாள். அதைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். மறுநாள் மறுபடியும் கத்துவேன்.

ராயபுரத்தில் எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்தது ஒரு அன்பியம். அந்த மாதம் ஒரு ஞாயிற்றுப் பூசையை நடத்தும் முறை எங்கள் அன்பியத்துக்கு வந்தது. பூசையில் பைபிள் வாசகம் படிக்க ஒரு பிள்ளை வேண்டும் என்று அன்பியத் தலைவி அக்கா கேட்ட உடனே, என் மகள் கையைத் தூக்கிவிட்டாள்.

அக்கா என்னை ஓரமாக இழுத்தார். "இன்னாம்மா இது? கிளாஸ்ல படிக்க சொல்லி எல்லாரும் சிரிச்சிட்டாங்கன்னு ஒரு வாரம் ஸ்கூலுக்கே போவாம கெடந்த புள்ள. கோயில் பூரா ஜனம் உக்காந்துகினு இருக்கும். இன்னொரு தபா அசிங்கப்பட்டா, அப்பால புஸ்தகத்தையே தொடாது. வேற புள்ள படிக்கட்டும்."

அவர் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. "இன்னும் மூணு வாரம் கீது இல்ல? என் பொண்ணுதான் படிப்பா" என்று வெட்டிவிட்டு வந்தேன். வீம்பு, வேறென்ன.

முதல் வாரம் பழைய கதையே. வாசகம் பன்னிரண்டு வரி. ஐந்தாவது வரியை அவள் தாண்டவில்லை. அந்தச் சனிக்கிழமை செருப்பு வாங்க அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம். பழக்க தோஷம், முன்னால் நின்ற பெட்டியின் எண்ணை முணுமுணுத்தேன்.

"ம்மா, பக்கத்து வண்டிது நான் சொல்றேன்" என்று பின்னாலிருந்து குரல். நாலு எழுத்தைச் சொல்லி நிறுத்தினாள். "டிக்" என்றேன். மூன்று இலக்கம். டிக். மூன்று. டிக். ஒன்று. டிக். ஒன்றுகூடத் தப்பவில்லை! அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி. முன்னால் வண்டிகள் நகர்ந்ததையே நான் கவனிக்கவில்லை. பின்னாலிருந்த ஆட்டோக்காரர், "யக்கா, வண்டிய எடுக்கிறியா, இல்ல இங்கயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்று கத்தினார். வேறு நாளாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சோப்பு டப்பா அட்டையில் ஒரே ஒரு வரி தெரியும் அளவுக்குச் சன்னல் வெட்டினேன். நாற்காலியை ஓரம் தள்ளினேன். யார்டில் யார் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள்? அவள் நின்றபடி இரண்டு மூன்று சொல் படித்து நிறுத்துவாள். சரியென்றால் "டிக்". தப்பென்றால் "திரும்ப". திட்டு கிடையாது. பத்து நிமிடம் ஆனதும் ஒரு ஓட்டம், ஒரு கை வேர்க்கடலை, மறுபடி பத்து நிமிடம். திட்டாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூன்றாவது வாரம் பன்னிரண்டு வரியும் முடிந்தன.

ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் உட்கார இடமில்லை. மகள் மைக்கின் முன் நின்று, புத்தகத்தின் மேல் அட்டையை வைத்தாள். முதல் மூன்று சொல் கணீரென்று வந்தது. நிறுத்தினாள். என்னைத் தேடினாள்.

ஐயோ! டிக் வராமல் அடுத்ததற்குப் போகக் கூடாது என்று பழக்கியவள் நான். டிக் இல்லாமல் ஒருமுறைகூடப் படிக்க வைக்கவில்லையே! தலையை ஆட்டினேன், கூட்டத்தில் அவளுக்குத் தெரியவில்லை. யாரோ இருமினார்கள். பின்னால் ஒரு பையன் சிரித்தான். அவள் கை அட்டையை எடுக்கப் போனது.

"டிக்!"

என் யார்டு குரல். கோயிலே திரும்பியது. பீடத்தில் ஃபாதர் தலை நிமிர்ந்தார். அவள் முகம் மலர்ந்தது. அடுத்த மூன்று சொல் படித்து நிறுத்தினாள். மானமாவது ஒன்றாவது, எழுந்து நின்று மறுபடி "டிக்" என்றேன். அடுத்த நிறுத்தத்தில் நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்திலிருந்து ஒரு குரல் "டிக்" என்றது. தலைவி அக்கா! அவரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

நான்காவது வரிக்குப் பிறகு அவள் எங்களைப் பார்க்கவில்லை. அட்டையின் சன்னல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு மூச்சு நிறுத்தி, தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொண்டு அடுத்ததற்குப் போனாள். பன்னிரண்டாவது வரியும் முடிந்தது. வாசகத்தின் முடிவில் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். எல்லா ஞாயிறும் போல, மொத்தச் சபையும் ஒரே குரலில் கடவுளுக்கு நன்றி சொல்லிப் பதில் தந்தது.

அவள் இறங்கி ஓடி வந்து என் இடுப்போடு ஒட்டிக்கொண்டாள். "ம்மா, பாத்தியா? கோயிலே டிக் போட்டுச்சு" என்றாள். நான் வாய்விட்டு அழுதேன்.