இத்தாலி படித்த பிள்ளைக்கு ஒரு கூடை

லிந்துலைப் பக்கத்தில் நான் உயர்தரம் படித்த பள்ளிக்கூடத்தில், பின்னேரங்களில் இத்தாலிய மொழி வகுப்பு ஒன்று தொடங்கினார்கள். நடத்த வந்தவர் நீர்கொழும்பைச் சேர்ந்த ஒரு சிங்களப் பெண்மணி. பல வருடம் இத்தாலியில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். கணவருக்குத் தலவாக்கலையில் அரசாங்க உத்தியோகம் என்பதால் எங்கள் குளிருக்கு வந்து சேர்ந்திருந்தார். சிங்களத்தில்தான் விளக்குவார். எனக்குப் புரியவில்லை என்றால் கையை ஆட்டி நடித்துக் காட்டுவார். அந்தக் கையாட்டலும் இத்தாலிதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

தேயிலைத் தோட்டத்திலிருந்து அந்த வகுப்புக்குப் போனது நான் ஒருத்திதான். "வீட்டு வேலைக்குப் போறதுக்கு இப்பவே ரெடியாகிறியா?" என்று எங்கள் பிரதி அதிபர் ஆசிரியர் அறை வாசலில் வைத்துக் கேட்டார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். டவுன் பிள்ளைகள் படித்தால் அது வெளிநாட்டு மொழி. லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை படித்தால் பாத்திரம் கழுவுகிற மொழி. அந்தப் பிரதி அதிபர் டீச்சரும் ஒரு லயத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். அதை நினைத்தால் இன்னும் எரியும்.

எனக்கு அந்த மொழி பிடித்துப்போனதற்கு ஒரு சின்னச் சொல் காரணம். இத்தாலியர்கள் ஒருவரிடம் மரியாதையாகப் பேசும்போது 'லேய்' என்பார்கள். அதே சொல்லுக்கு 'அவள்' என்றும் பொருள். எதிரே நிற்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் மரியாதைக்கு அதுதான். சிநேகிதர்களையும் சின்னப் பிள்ளைகளையும் 'தூ' என்று சொல்லலாம். கடைக்காரரை, தெருக் கூட்டுகிறவரை அப்படிச் சொல்லக் கூடாது என்று இத்தாலி படிப்பித்த மிஸ் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் தோட்டத்தில் காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற பெரட்டுக் களத்தில், புதிதாக மேற்பார்வைக்கு வந்த கண்டாக்கு என் அம்மாவை "ஏய், இங்க வா" என்று கூப்பிடுவதை, பள்ளிக்கூடம் போகிற வழியில் கேட்டிருக்கிறேன். அவருக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், தேத்தண்ணி வேண்டுமா என்று 'லேய்' போட்டு இத்தாலியத்தில் கேட்டேன்.

"யார பாத்து லேய்ங்கிற?" என்று அம்மா அடிக்க வந்தார். விளங்கப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்த வருடம், பள்ளிக்கூடத்துக்கு நூலகம் கட்டிக்கொடுத்த இத்தாலியர்கள் சிலர் பார்வையிட வருகிறார்கள் என்று செய்தி வந்தது. வரவேற்புரையை நான் சொல்வது என்று மிஸ் முடிவு செய்து, உச்சரிப்பைத் திருத்தித் திருத்தி என்னைத் தயார்படுத்தினார். விழாவுக்கு முதல் நாள் பிரதி அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"பேச்ச வேற பிள்ளைக்குக் குடுத்தாச்சு. நீ கொழுந்து எடுக்கிற மாதிரி சேலை கட்டி, கூடைய மாட்டிக்கிட்டு நில்லு. தோட்டத்துப் பிள்ளைங்க எல்லாரும் அப்படித்தான் நிக்கப் போறாங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு அதுதான் பிடிக்கும்."

பேச்சு போனது இத்தாலிய வகுப்புப் பக்கமே வராத ஒரு டவுன் பிள்ளைக்கு. தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள்.

"முடியாது டீச்சர்" என்றேன்.

"ஒங்கம்மா செய்ற வேலைதானே? அதுல என்ன வெக்கம்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? மாட்டினால் நான் ஒரு காட்சிப் பொருள். மறுத்தால் பெற்ற தாயைப் பார்த்து வெட்கப்படுகிறவள்.

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேலைக்குப் போறவ மாட்டுறாள்ல, அது போதும். நீ வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போ."

சீருடையில் போனேன். பிரதி அதிபர் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். பேச்சுக் கொடுக்கப்பட்ட பிள்ளை ஒரு தவறும் இல்லாமல் பேசினாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. விருந்தினர்கள் கைதட்டிவிட்டு, கூடை மாட்டிய பிள்ளைகளைப் படம் எடுக்க எழுந்து வந்தார்கள். வயதான ஓர் இத்தாலியப் பெண் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் கன்னத்தைத் தொட்டு ஏதோ கேட்டார். அவளுக்கு விளங்கவில்லை, சிரித்தாள். அந்தப் பெண் தன் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "பாவம், இந்த வயதிலேயே வேலை. பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டாள்."

பள்ளிக்கூடத்தின் நடு மண்டபத்தில் நின்றுகொண்டு சொன்னார்!

என் கால்கள் தாமாக முன்னுக்கு வந்தன. "சிஞ்ஞோரா, நீங்கள் நிற்பது பள்ளிக்கூடம். இவள் இங்கே ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். இந்த உடுப்பை உங்களுக்காக மாட்டிவிட்டிருக்கிறார்கள்" என்றேன் இத்தாலியத்தில். குரல் நடுங்கியது, இலக்கணம் நடுங்கவில்லை.

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. "மீ ஸ்கூசி" என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளையிடம் சொல்கிற 'ஸ்கூஸா' இல்லை, பெரியவர்களிடம் சொல்கிற வடிவம்.

"அக்கா, அவங்க என்னா சொன்னாங்க?" என்று அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்டாள். மறைக்க எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன். அவள் கூடையைக் கழற்றித் தரையில் வைத்தாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வகுப்பைப் பார்த்து நடந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் கழற்றினார்கள்.

அடுத்த நாள் அம்மாவை வரச் சொன்னார்கள். மழையில் நனைந்துகொண்டு வந்தார். உட்கார நாற்காலி காட்டவில்லை.

"ஒம் மக விருந்தாளிங்கள அவமானப்படுத்திட்டா" என்றார் பிரதி அதிபர்.

"என்னா சொல்லிருச்சுங்க டீச்சர்?"

"அது இத்தாலியில பேசுச்சு. எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப என்னா பேசுச்சுன்னே தெரியாமத்தான் வேலைய விட்டுட்டு வரச் சொன்னீங்களா?" என்று அம்மா கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. "வா புள்ள" என்று என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

அடுத்த தவணை இத்தாலிய வகுப்பு நடக்கவில்லை. மண்டபம் வேறு தேவைக்கு வேண்டும் என்றார்கள். மிஸ் என்னை ஞாயிற்றுக்கிழமைகளில் தலவாக்கலையில் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். போனேன். அங்கே தக்காளி போட்டுச் சமைக்கவும், சாப்பாட்டு மேசையில் அவசரப்படாமல் உட்கார்ந்து வாதாடவும் கற்றுக்கொண்டேன். இரண்டும் இத்தாலியப் பாடம்தான் என்பார் மிஸ்.

இப்போது நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். பள்ளிக்கூடத்தின் பேஸ்புக் பக்கத்தில் அந்த நாளின் படம் ஒன்று இருக்கிறது. கூடைகளோடு பிள்ளைகள். 'தேயிலை பறிக்கும் நம் மலையகச் சிறுமிகள்' என்று கீழே எழுதியிருக்கிறார்கள். "இவர்கள் உங்கள் மாணவிகள்" என்று நான் ஒரு கருத்துப் போட்டேன். அழித்துவிட்டார்கள். திரும்பவும் போட்டேன். அதையும் அழித்தார்கள். போன கிழமை அதையே இத்தாலியத்தில் எழுதிப் போட்டேன். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. யாரோ அதற்கு ஓர் இதயம்கூடப் போட்டிருக்கிறார்கள்.