நடுகல்லிலிருந்து மதகு வரை

நான் பயந்தாங்கொள்ளி. பேருந்து ஓட்டுநர் ஒரு கையால் கைப்பேசியை எடுத்தாலே அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாமா என்று யோசிக்கிற ஆள். அப்படிப்பட்டவனுக்கு வீரர்களைப் பற்றிப் பேசுவதென்றால் கொள்ளை ஆசை. விடுமுறை கிடைத்தால் அரூர்ப் பக்கம் வந்து, வயலோரங்களில் நிற்கும் நடுகற்களைத் தேடி அலைவேன். ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊர் நன்றி சொன்ன கல் அது என்று, கேட்கிறவர் கொட்டாவி விடும் வரை விளக்குவேன்.

அதிகமாகக் கொட்டாவி விட்டவள் என் மனைவிதான். அவளுடைய பிறந்த வீடு பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில். அவர்கள் விளைநிலத்திலேயே அப்படி ஒரு கல் நிற்கிறது. அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள், வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கல் வைக்கிறார்கள். அந்த வருஷப் பொங்கலுக்காகச் சென்னையிலிருந்து ரயிலேறி மொரப்பூரில் இறங்கினோம்.

அவர்கள் வழக்கத்தில் இரண்டு விஷயம் உண்டு. அடுப்புக்கு வீட்டு விறகைக் கொண்டுபோகக் கூடாது, கல்லைச் சுற்றிப் பொறுக்கிய சுள்ளிதான் எரியவேண்டும். அதைப் பற்ற வைப்பது அந்த வீட்டு மாப்பிள்ளை. முந்தின நாள் மழை பெய்து சுள்ளியெல்லாம் ஊறிக் கிடந்தது. வீட்டிலிருந்து நாலு காய்ந்த கட்டை எடுத்து வரலாமா என்று என் மனைவி கேட்டாள். வழக்கத்தை மீறக் கூடாது என்று நான்தான் அடித்துச் சொன்னேன். அவர்கள் வீட்டு வழக்கத்தை அவளுக்கே சொல்லிக்கொடுத்த மேதாவி நான்.

மச்சான் வாழையிலை வாங்கிவரப் போயிருந்தார். கல்லுக்கு முன்னால் நாங்கள் இருவர்தான். கொஞ்ச தூரத்தில் ஓர் அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அடுப்பு எரியவில்லை, புகைந்தது. நான் முறத்தால் விசிறினேன். புகை திரண்டு, கல்லுக்கு மேலே கவிந்திருந்த புளியமரத்துக்குள் ஏறியது. விசிறிக்கொண்டே, கல்லில் செதுக்கியிருந்த ஆளைக் காட்டி, "பாரு, அம்பு தைச்சும் ஓடாம நிக்கிறான்" என்று சொன்னேன். மரத்துக்குள் மலைத்தேனீ கூடு கட்டியிருந்தது எங்கள் இருவருக்குமே தெரியாது.

முதலில் மழை வருகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு கழுத்தில் ஒன்று கொட்டியது. காதில் ஒன்று. என் மனைவி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு குளவி கொட்டி அவளுக்குத் தொண்டை அடைத்திருக்கிறது. இன்னொரு தடவை கொட்டினால் உயிருக்கே ஆபத்து, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள் என்று மருத்துவர் என்னிடம்தான் சொன்னார். அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இருந்தும் ஓடினேன்.

அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. நாங்கள் வந்து சாலையோரம் நிறுத்தியிருந்த மாமனார் வீட்டு ஸ்கூட்டரைக் கிளப்பி, வாய்க்கால் மதகு வரைக்கும் போய்விட்டேன். அங்கே தேனீ இல்லை. வண்டியை நிறுத்தினேன். பின்சீட்டு காலியாக இருந்தது. அவளில்லாமல் அவள் பிறந்த வீட்டு வாசலில் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அதுவரைக்கும் இருந்த பயமெல்லாம் ஒரு பயமே இல்லை. வண்டியைத் திருப்பினேன். வீரம் ஒன்றும் வந்துவிடவில்லை, பெரிய பயம் சின்னதைத் தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது ஆடு மேய்க்கிற அம்மா, மழைக்குப் போர்த்திக்கொள்ள வைத்திருந்த பிளாஸ்டிக் தாளுக்குள் என் மனைவியை இழுத்துப்போட்டுத் தானும் புகுந்து, தவழ்ந்தபடி வண்டித்தடத்துக்குக் கொண்டுவந்திருந்தார். என் மனைவியின் உதடு தடித்திருந்தது. கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். அந்த அம்மா அவளை ஏற்றி உட்கார வைத்து, பின்னால் தானும் ஏறிக்கொண்டார்.

"ஆடுங்க?" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு ஏன் அது தோன்றியது என்று தெரியவில்லை.

"ஆடு எங்கிய போயிரும். நீங்க ஓட்டுங்க, நான் புடிச்சுக்கறன்."

ஆஸ்பத்திரி வரைக்கும் என் காதுக்குப் பின்னால் அந்த விசில் சத்தம். ஒரு வேகத்தடையில் சத்தம் நின்றுபோனது. வண்டி கோணியது. "இருக்குது, இருக்குது, போங்க" என்று அந்த அம்மா என் முதுகில் தட்டினார். அடுத்த மூச்சு வந்தது. அதற்கு அடுத்தது வருமா என்று பயந்தேன். அப்படித்தான் ஒவ்வொரு மூச்சாக அந்தச் சாலை முழுவதும்.

ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் முகமூடி மாட்டினார்கள். மத்தியானத்துக்குள் மூச்சு சீரானது. கும்பிட்டு நன்றி சொல்லலாம் என்று வெளியே வந்தபோது, அந்த அம்மா ஆட்டைத் தேடிப் பேருந்தேறிப் போயிருந்தார்.

சாயங்காலம் சொந்தக்காரர்கள் கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். நடந்ததை என் மனைவிதான் சொன்னாள். தேனீ கலைந்ததும் இவர் வண்டி எடுக்க ஓடினார், நல்லவேளை, வண்டி பக்கத்தில் இருந்தது என்றாள். மச்சான் என் தோளைப் பிடித்து, சமயத்தில் புத்தி வேலை செய்திருக்கிறதே என்று பாராட்டினார். நான் தலையாட்டினேன். ஓடியதைவிடக் கேவலம் அதுதான்.

சென்னைக்குத் திரும்பி மூன்று வாரம் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். காலையில் அவள் காப்பி ஆற்றும் சத்தம் கேட்டால் கண் கலங்கும், உடனே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவளுக்குத் தெரியுமா, தெரிந்தால் என்னை எப்படிப் பார்ப்பாள்? நன்றியும் பயமும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, "நான் வண்டி எடுக்க ஓடல" என்றேன்.

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியுங்க. வண்டிச் சத்தம் தூரமாப் போனது கேட்டுச்சு" என்றாள். அடுத்த கீரைக் கட்டைப் பிரித்தபடி, "திரும்பி வந்த சத்தமும் கேட்டுச்சு" என்றாள்.