செவன் கிங்ஸ் சலூனில் ஒட்டியிருக்கும் வான்கோழிப் படம்

தயாளன், படத்தில் இருக்கும் பறவையை நீ சுடவில்லை. நீ சுட்டதைத் தேடவும் இல்லை.

டொரொண்டோவிலிருந்து லண்டனுக்கு வந்த மூன்றாம் நாள், செவன் கிங்ஸில் ஒரு சலூன் நாற்காலியில் இருக்கிறேன். கண்ணாடியின் மூலையில் உன் படம். ஒரு கையில் என்னுடைய பெரிய குழல் துவக்கு, மறு கையில் தலைகீழாகத் தொங்கும் காட்டு வான்கோழி.

"தயாளன் சொன்ன கனடாச் சிநேகிதன் நீங்கள்தானே? நீங்களும் பக்கத்தில நிண்டனீங்களாம் அண்ணை," என்கிறார் முடிவெட்டும் மன்னார்க்காரர். "ஒரே வெடியாம், துடிக்கவும் இல்லையாம். உண்மையோ, இல்லாட்டித் தயாளன் விடுற புளுகோ?"

கத்தரிக்கோல் நிற்கிறது. காத்திருக்கும் நான்கு பேரும் என்னைப் பார்க்கிறார்கள்.

"ஓம், உண்மைதான்," என்கிறேன்.

போன இலையுதிர்காலம் டொரொண்டோவுக்கு என்னிடம் வந்து வேட்டைக்குப் போன அன்று நீ, வேண்டாம் என்று சொல்லியும் எட்டாத தூரத்தில் சுட்டாய். செட்டை முறிந்த வான்கோழி பற்றைக்குள் இழுபட்டுப் போனது. மழை வருகிறது என்று காரில் ஏறினாய். நானும் ஏறினேன். படத்தில் இருப்பது கார் நிறுத்துமிடத்தில் வேறொருவரிடம் வாங்கிப் பிடித்த பறவை. அந்தப் படத்தை எடுத்தவனும் நான்தான்.

"அடுத்தமுறை நானும் வாறன்," என்கிறார் அவர். "நிமிருங்கோ அண்ணை, இப்பிடிக் குனிஞ்சால் வெட்ட ஏலாது."

சனிக்கிழமை பகல் இந்தச் சலூனுக்கு வா. என் பொய்யை நான் முதலில் சொல்கிறேன். பிறகு இவர்கள் எல்லோருக்கும் முன்னால் நீ பதில் சொல்: நீ சுட்ட பறவை எங்கே?