அது எங்கள் திருபுவனை அல்ல

செலவைக் குறைக்க, கும்பகோணத்திலிருந்து புதுச்சேரியில் உள்ள எங்கள் ஊரான திருபுவனைக்குச் சாதாரணப் பேருந்துகளில் மாறி மாறிச் செல்லத் திட்டமிட்டேன். முதல் பேருந்தில் சர்க்கரை நோயாளியான அக்காவுக்கு முன்னால் இடம் கிடைத்தது. நான் பின்னால் நின்றேன். அவளுடைய கைபேசியும் பிஸ்கட்டும் என் பையில் இருந்தன.

ஆடுதுறையில் எட்டிப் பார்த்தால் அக்காவைக் காணோம்!

"அந்தம்மா திருபுவனத்துலயே இறங்கிட்டாங்களே" என்றார் நடத்துநர்.

கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தின் பெயரை நடத்துநர் கூவியது, தூக்கக் கலக்கத்தில் அவளுக்கு எங்கள் திருபுவனையாகக் கேட்டிருக்கிறது. ஆட்டோ பிடித்துப் பதறித் திரும்பினேன். நிறுத்தத்தில் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடா, நம்ம ஊர்ல எப்படா இவ்ளோ பட்டுப்பொடவக் கடை வந்துச்சு?" என்றாள். சர்க்கரை அளவு இறங்கியிருந்தது; பிஸ்கட் தின்ற பிறகே தெளிந்தாள்.

இப்போதும் சாதாரணப் பேருந்தில்தான் போகிறோம். சேர்ந்து உட்கார இடமில்லாவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்கிறோம். கைபேசியும் பிஸ்கட்டும் அக்காவின் மடியில் இருக்கின்றன.