கணினி பிடித்த நாடி

அந்த முதியோர் விடுதியில் பதினெட்டு வருடமாக நர்ஸ் வேலை பார்த்தவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது சாப்பாட்டைப் பாதியில் ஒதுக்கினாலோ, செருப்பை மாற்றிப் போட்டாலோ, அன்றைக்கே அவருக்கு இரண்டு தடவை கூடுதலாக பிரஷர் பார்த்துப் பதிந்து வைப்பாள். ஏனென்று கேட்டால், "ஆளு சரியில்ல சார்" என்பாள். நிர்வாகி காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

பிறகு கணினி வந்தது. பழைய பதிவுகளையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு, அடுத்த வாரம் யார் படுக்கையில் விழுவார் என்று சொன்னது. பத்துக்கு ஒன்பது பலித்தது. நிர்வாகிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இனிமே உங்க ஊகமெல்லாம் வேண்டாம். திரையில சிவப்பு காட்டுறவங்களுக்கு மட்டும் பிரஷர் பாருங்க."

"சரிங்க சார்."

மூன்றே வாரத்தில் திரை முழுக்கப் பச்சை. எல்லோரும் ஆரோக்கியம் என்று நிர்வாகி விருதுக்கு விண்ணப்பம் போட்டார். மாடி அறையில் இருந்த ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் இரண்டு நாளாகச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு திரிந்தார். பெரியக்கா கவனித்தாள். திரையைப் பார்த்தாள். பச்சை. பிரஷர் பார்க்காமல் போய்விட்டாள். மறுநாள் காலை குளியலறையில் விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

கணினிக்காரர் வந்து இரண்டு நாள் குடைந்தார். மூன்றாம் நாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"அக்கா, இது பிரஷர் எவ்வளவுன்னுகூடப் பெருசா பாக்கல. நீங்க எத்தனை தடவை பாத்தீங்கன்னுதான் எண்ணியிருக்கு."

"அப்ப நான் சொன்னதைத்தான் எனக்கே திருப்பிச் சொல்லிட்டிருந்துச்சா?"

"ஆமாக்கா."

"பரவாயில்ல. இந்தக் கட்டடத்துல என் பேச்சை இது ஒண்ணாவது கேட்டிருக்கு."

டிரைவரின் கட்டிலருகே போய், "உங்க சட்டையைப் பாத்துட்டுத்தான் போனேன் அண்ணே. பச்சைன்னு காட்டுச்சு" என்றாள்.

"பச்சை விழுந்தாலும் தண்டவாளத்தைப் பாக்கணும்மா" என்று மட்டும் சொல்லி, அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குள் விருது அறிவித்துவிட்டார்கள். கணினியைக் குறை சொல்ல முடியாது. நிர்வாகி ஒரு சுற்றறிக்கை விட்டார்: 'கணினியின் துல்லியம் கருதி, நர்ஸ் தம் விருப்பப்படி கூடுதலாக பிரஷர் பார்த்துக் கணினிக்கு ஒத்துழைக்கவும்.' பெரியக்கா படித்தாள், கையெழுத்துப் போட்டாள், தன் வேலையைப் பார்க்கப் போனாள். அடுத்த மாதமே பழையபடி பத்துக்கு ஒன்பது பலித்தது. அந்த ரகசியத்தை உலகத்துக்கு விளக்க நிர்வாகி விமானம் ஏறினார்.